கை போனால் காசு கிடைக்கும், வேலையைத் திருப்பித் தருவது யார்?

பினாங்குவாழ் தமிழ்ப் பெற்றோர்களே!

பிள்ளை நன்றாகப் படித்தால் டாக்டர், இல்லாவிட்டால் வக்கீல். இந்த இரண்டைத் தாண்டி நாம் யோசிப்பதில்லை. ஆக்குபேஷனல் தெராப்பி என்ற பட்டப்படிப்பைப் பற்றி உங்கள் வீட்டில் யாராவது பேசியதுண்டா? மலாயில் 'தெராப்பி சாரா கெர்ஜா' என்பார்கள்.

என்ன வேலை இது? பிறையிலோ பாயான் லெப்பாசிலோ இயந்திரத்தில் விரலை இழந்தவர் மறுபடி ஸ்பேனர் பிடிக்கப் பழக்குவது. பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோன அம்மா மறு கையால் உடுத்தவும் சமைக்கவும் வழி காட்டுவது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கவும் பித்தான் போடவும் கற்றுத் தருவது.

இது யாருக்கு அதிகம் தேவை? நமக்குத்தான்! 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு. மலாய்க்காரர், சீனரை விட நாம்தான் அதிகம். கவனிக்காத நீரிழிவு பக்கவாதத்திலும் கால் எடுப்பதிலும் கொண்டுபோய் விடும். சொக்சோ பணத்துக்காக வக்கீல் வாதாடலாம். உங்கள் கையை வேலைக்குத் திருப்ப வக்கீலால் முடியாது. அதற்குத் தெராப்பிஸ்ட் வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டிக்குத் தமிழில் சொல்லித் தரும் தெராப்பிஸ்ட் வேண்டும்.

நம் பிள்ளைகள் இதை எங்கே படிப்பது? அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் கோலாலம்பூரில் யு.கே.எம்-இலும், புஞ்சாக் ஆலாமில் யு.ஐ.டி.எம்-இலும் இந்தப் பட்டம் உண்டு. யு.ஐ.டி.எம் பட்டப்படிப்பில் பூமிபுத்ரா அல்லாத மலேசியருக்கு இடமில்லை. வெளிநாட்டு மாணவர் சேரலாம். இந்த மண்ணில் பிறந்து வரி கட்டுபவரின் பிள்ளை சேர முடியாது! இது என்ன நியாயம்?

கேட்டால் 1976-ஆம் ஆண்டு யு.ஐ.டி.எம் சட்டத்தையும் அரசியலமைப்பின் 153-ஆவது பிரிவையும் காட்டுவார்கள். அந்தப் பிரிவை முழுதாகப் படியுங்கள். மற்ற இனங்களின் நியாயமான நலனைக் காப்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. 1971-இல் சேர்க்கப்பட்ட 8ஏ உட்பிரிவு, தகுதி பெற்றவர்களை விட இடம் குறைவாக இருந்தால், 'நியாயமான விகிதத்தில்' இடங்களை ஒதுக்கலாம் என்கிறது. விகிதம் என்றால் பங்கு. பங்கு என்றால் முழுவதும் அல்ல! அரசாங்கக் கல்வி நிலையச் சேர்க்கையில் இனப் பாகுபாடு கூடாது என்று 12-ஆவது பிரிவும் சொல்கிறது.

10ஏ எடுத்தால் எந்த இனத்தவருக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று 2024-இல் பிரதமர் அறிவித்தார். நல்லது. ஆனால் தெராப்பிஸ்ட் ஆவதற்கு 10ஏ எதற்கு? ஆறு ஏ, ஏழு ஏ எடுத்த லாரி ஓட்டுநரின் மகளுக்கு என்ன வழி? தனியார் கல்லூரியும் தலை மேல் கடனும்தானா?

நம் கோரிக்கைகள்:

1. யு.ஐ.டி.எம்-இன் துணை மருத்துவப் படிப்புகளில் எல்லா மலேசியருக்கும் இடம் வேண்டும்.

2. இந்தப் படிப்புகளில் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் எடுக்கும் மாணவர் எண்ணிக்கையை இனவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

3. பினாங்கிலேயே அரசாங்கச் செலவில் இந்தப் பட்டம் படிக்க வழி செய்ய வேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் கடமையும் உண்டு. நான்காம் படிவத்திலேயே பிள்ளையை அறிவியல் பிரிவில் சேருங்கள். எஸ்.டி.பி.எம்-ஐ இளக்காரமாக நினைக்காதீர்கள்; இனக் கோட்டா இல்லாத பாதை அது. தனியார் கல்லூரி என்றால் பணம் கட்டுமுன் அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 2016-ஆம் ஆண்டு துணை மருத்துவத் தொழில் சட்டத்தின்படி, பதிவு பெறாதவர் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். நூறு வீடுகளில் நூறு கடிதம் தனித்தனியாகக் கிடந்தால் அது வெறும் காகிதம். ஒன்றாகச் சேர்த்தால் அது சாட்சி!

கேட்காமல் இந்த நாட்டில் நமக்கு எதுவும் கிடைத்ததில்லை. கேட்போம்!