வேகமா, காவலா?

எனது பழைய கையடக்கத் தொலைபேசியை 'ரூட்' செய்து, புரொசெசரின் வேகத்தைக் கூட்டித் தருவதாக நண்பரொருவர் கூறினார். உத்தியோகபூர்வ மேம்படுத்தல்களும் தவறாமல் கிடைக்குமாம்.

இரண்டும் ஒருசேர வாய்ப்பது அரிது. வேகத்தைக் கூட்டுவதற்குப் பெரும்பாலும் இயங்குதளத்தின் கருவான கேர்னலையே மாற்றவேண்டும்; அடுத்த மேம்படுத்தல் அதனை அழித்துவிடும். 2014இல் வந்த அன்ட்ரொயிட் 5.0 தொட்டு, சிஸ்டம் பகுதியில் கைவைத்திருந்தால் மேம்படுத்தலே ஏறாது நின்றுவிடுவதுண்டு.

2015இல் அம்பலமான 'ஸ்டேஜ்ஃபிரைட்' குறைபாடு, ஒரேயொரு பல்லூடகச் செய்தியால் தொலைபேசிக்குள் அந்நியர் நுழைய வழிவிட்டது. அதன் பின்னரே மாதாந்தப் பாதுகாப்புத் திருத்தங்கள் ஆரம்பமாகின.

அவரவர் கருவி அவரவர் உரிமையே. ஆயினும் என் தொலைபேசியில், என்னை நம்பித் தகவல் தந்தவர்களின் பெயர்கள் உள்ளன. அவர்களது பாதுகாப்பைக் கொடுத்து வேகம் வாங்க எனக்கு உரிமையில்லை. அது மெதுவாகவே இயங்கட்டும்.