குருவி எண்ணப் படிக்கும் கடன்

"குருவி எண்ணுகதுக்கு எவன் வே சம்பளம் தாறான்?" என்று எங்கள் தெருக்காரர் கேட்டபோது, அவர் கையில் கல்விக்கடன் விண்ணப்பம் இருந்தது. மகள் நாகர்கோவிலில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறாள். வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்கைவளப் பாதுகாப்பில் எம்.எஸ்சி. சேர இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 4 லட்சம். அந்தத் தொகைக்கு வங்கி ஈடு கேட்பதில்லை.

கிண்டலாகக் கேட்டாலும் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் சுசீந்திரம் குளத்திலும் தேரூர் குளத்திலும் குளிர்காலத்தில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். விடியும் முன்பே பைனாகுலரும் நோட்டுமாக வந்து நின்று கூழைக்கடாவையும் மஞ்சள்மூக்கு நாரையையும் எண்ணுகிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்களும் கல்லூரிப் பிள்ளைகளும்தான். 2015-இல் மணக்குடியையும் சேர்த்து இவற்றைக் காப்பகமாக அறிவித்தார்கள். 2022-இல் சுசீந்திரம் – தேரூர் ஈரநிலத்தின் 94 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. ஊருக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பட்டியலோடு சம்பளப் பட்டியல் எதுவும் சேர்ந்து வருவதில்லை.

திண்ணையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். படிக்கும் இரண்டு ஆண்டும் அதன்பின் ஓர் ஆண்டும் தவணை கிடையாது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். 10 சதவீதம் என்று வைத்தால், முதலாண்டு வாங்கும் 2 லட்சத்துக்கு மூன்று ஆண்டு வட்டி 60,000. மறு ஆண்டு வாங்கும் 2 லட்சத்துக்கு இரண்டு ஆண்டு வட்டி 40,000. ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 5 லட்சம். ஏழு ஆண்டில் அடைக்க மாதம் 8,300 ரூபாய். பதினைந்து ஆண்டுக்கு இழுத்தால் மாதம் 5,400-க்குள் முடியும், ஆனால் கடைசியில் கட்டியிருப்பது ஒன்பதரை லட்சத்துக்கு மேல். மத்திய அரசின் பழைய வட்டி மானியம் தொழில்முறை, தொழில்நுட்பப் படிப்புகளுக்குத்தான். 2024-இல் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. அதற்குக் கல்லூரியின் பெயர் அவர்களுடைய பட்டியலில் இருக்க வேண்டும்.

சரி, வருமானப் பக்கம்? நெட் தேர்வில் உதவித்தொகையோடு தேறினால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். தேறாமல் அரசு நிதியில் நடக்கும் ஆய்வுத் திட்டமொன்றில் சேர்ந்தால், 2020-இல் வகுத்த அளவின்படி தொடக்கம் 25,000. தொண்டு நிறுவனங்களில் அவரவர் கைவசம் உள்ளதைப் பொறுத்தது. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. அடுத்த திட்டத்துக்கு நிதி வரும்வரை வங்கித் தவணை காத்திருக்காது. வேடிக்கை என்னவென்றால், பிளஸ் டூ போதும் என்று கேட்கிற வனக்காப்பாளர் பணிக்கு அடிப்படை ஊதியம் 18,200. அகவிலைப்படி சேர்ந்தால் எம்.எஸ்சி. படித்த திட்டப் பணியாளருக்குச் சமமாக வந்துவிடும், அதுவும் நிரந்தரமாக.

படிப்பின் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. இந்திய வனப் பணிக்கு, அதாவது தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 உள்ள பணிக்கு, இளநிலையில் விலங்கியல், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல் மாதிரியான பாடங்களில் ஒன்று இருந்தாக வேண்டும். இல்லையேல் வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம். 'சுற்றுச்சூழல்' என்று பளபளப்பாகப் பெயர் வைத்த பட்டம் மட்டும் கையில் இருந்தால் விண்ணப்பமே போட முடியாது. நம் ஊர்க் கல்லூரிகளில் பழைய பெயரில் நடக்கும் விலங்கியலும் தாவரவியலும் எவ்வளவோ மேல். மாநில வனச்சரகர் தேர்விலோ முன்னுரிமை வனவியல் பட்டதாரிகளுக்கு. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிக்குப் பிளஸ் டூ முடித்ததுமே போயிருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால், கட்டணமும் விடுதிச் செலவும் அரசின் பொறுப்பு. எத்தனை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதை உரிய காலத்தில் சொல்கிறார்கள்?

இந்தப் படிப்புக்கு ஓரளவு ஒழுங்காகச் சம்பளம் வரும் இன்னொரு இடம் உண்டு. பெரிய குவாரியோ துறைமுகமோ நெடுஞ்சாலையோ போட விரும்புகிறவர், 2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை கொடுக்க வேண்டும். அதை எழுதும் ஆலோசனை நிறுவனங்களுக்குப் பல்லுயிர் பற்றிச் சொல்ல ஒரு நிபுணர் தேவை. அவருக்கான கூலி, சுற்றிவளைத்து, குவாரி போடுகிறவர் பையிலிருந்துதான் வருகிறது. அந்த வேலையிலும் நேர்மையாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாதம் 8,300 கட்ட வேண்டிய பிள்ளை, "இந்த மலையில் ஒன்றுமில்லை என்று எழுதமாட்டேன்" என்று எத்தனை முறை எழுந்து வர முடியும்? நாலு லட்சம் பெரிய தொகையா சின்னத் தொகையா என்பதைவிட எனக்கு உறுத்துவது இதுதான். திட்டத்துக்கும் திட்டத்துக்கும் நடுவே ஆறு மாதம் சும்மா இருக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் காட்டில் நிலைக்கிறார்கள். வயல்காட்டைப் பார்த்தே வளர்ந்த, எந்த மடையில் எந்த மாதம் எந்தப் பறவை வரும் என்று அறிந்த வீட்டுப் பிள்ளை, கடன் அடைக்க வேறு வேலைக்குப் போய்விடுகிறது.

கடன் வாங்கும் முன்பே இதையெல்லாம் தெரிந்துகொள்ள வழி உண்டா? அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் ஒரு பாடத்தில் படித்தவர்கள் வழக்கமாக என்ன சம்பாதிக்கிறார்கள், எவ்வளவு கடனோடு வெளியே வருகிறார்கள் என்பதை அரசே இணையத்தில் போடுகிறது. இங்கே தேசிய தரவரிசைக்காகக் கல்லூரிகள் தரும் விவரத்தில், வேலை கிடைத்தவர்களின் நடுத்தரச் சம்பளம் இருக்கும்; ஆனால் பாடவாரியாகப் பிரிக்காமல். கணினி படித்தவரும் காடு படித்தவரும் அதில் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்.

ஆகவே தெருக்காரரிடம், "படிக்க வையும், இந்தக் கடன் வேண்டாம்" என்றேன். ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்றால், ஊட்டி அரசுக் கல்லூரியிலும் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் வன உயிரியல் முதுகலை உண்டு. மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை நெட் தேர்வுக்குப் படிக்கும் ஆண்டுக்காக எடுத்துவைக்கலாம்.

மகள் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "மாமா, அந்தத் தனியார் காலேஜுல போன வருசம் முடிச்சவங்க ரெண்டு பேருட்ட பேசிட்டேன்" என்றாள். ஒருத்தி பெங்களூரில் ஏதோ மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாளாம். மற்றவன் ஆமைத் திட்டமொன்றில் ஒடிசாக் கடற்கரையில். சம்பளம் 22,000, மூன்று மாதமாக வரவில்லை, வேலை மட்டும் ரொம்பப் பிடித்திருக்கிறதாம். அப்பா விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஆழ்வார்குறிச்சிக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?" என்றார்.