எழுபது நிரம்பியோர்க்கு ஓர் அட்டை

ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கிவிட்ட முதியோர் நம் அன்பர்களின் இல்லங்களில் பலர் உளர். அவ்வயதினர்க்குத் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கும் கட்டணமோ மலைக்க வைக்கிறது. ஆதலின், 2024 அக்டோபர் 29ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையைப் பற்றி இத்திங்கள் எழுதுகிறோம்.

எழுபது வயது நிரம்பியவர் எவரும் இதற்கு உரியர், வருவாய் பார்ப்பதில்லை. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. தாய் தந்தை இருவரும் எழுபதைக் கடந்தவராயின் அத்தொகை இருவர்க்கும் பொது. முன்பே உள்ள நோய்க்கும் முதல் நாள் தொட்டே காப்பு உண்டு. ஆனால், மாதந்தோறும் வாங்கும் நீரிழிவு மாத்திரைக்கு இவ்வட்டை உதவாது, அச்செலவு நம்முடையதே.

வயதை உறுதி செய்வது ஆதார் ஒன்றே. பள்ளி காணாத நம் பாட்டிமார் சிலர்க்கு அதில் நிற்பது மதிப்பிட்டு எழுதிய ஆண்டு. எழுபத்திரண்டு வயது மூதாட்டி அங்கே அறுபத்தெட்டு ஆகிவிட்டால் அட்டை கிடையாது! பிறந்த நாளை ஒரு முறையே திருத்த இயலும் என்பதால், தக்க சான்றைத் தேடிக்கொண்ட பின்னரே செல்க. இதனை உடல்நலம் நன்றாயிருக்கும்போதே செய்துவிட வேண்டும். அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நின்று செய்யக்கூடிய வேலையன்று.

தனியார் காப்பீடோ இ.எஸ்.ஐ.யோ உடையவர் இதனையும் பெறலாம். மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தில் உள்ளவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அருகில் எந்த மருத்துவமனை இத்திட்டத்தில் சேர்ந்துள்ளது என்பதை 14555 என்னும் எண்ணில் கேட்டறியலாம்.