காண்டிராக்டர் சீட்டில் என்ன இருக்க வேண்டும்?

சேலம் உருக்காலையில் வேலை முடிந்து வெளியே வருகிற ஒருவரை, "ஐயா, நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஸ்டீல் பிளாண்டில்" என்பார். பின்னால் வருகிறவரைக் கேளுங்கள். "வேலை ஸ்டீல் பிளாண்டில். சம்பளம் காண்டிராக்டரிடம்" என்பார். மேட்டூர் அனல் மின் நிலையத்திலும் இப்படி இரண்டு விதமான தொழிலாளர்கள் உண்டு.

இரண்டாவது மனிதரைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. வேலை வாங்குவது ஒருவர், கூலி கொடுப்பது இன்னொருவர். அப்படியானால், வேலையில் சேரும்போது கொடுக்கிற சீட்டில் எவ்வளவு எழுதியிருக்க வேண்டும்?

சிலர் அச்சடித்த கட்டு ஒன்றை நீட்டுகிறார்கள். "இங்கே, இங்கே, இங்கே" என்று விரலால் காட்டிக் கையெழுத்து வாங்கிக் கொள்கிறார்கள். சிலர் கேட் பாஸோடு சரி. இரண்டும் ஒன்றுதான் என்பேன். படிக்க முடியாத இருபது பக்கத்துக்கும், கொடுக்காத காகிதத்துக்கும் தொழிலாளியைப் பொறுத்தவரை வித்தியாசம் கிடையாது.

ஒரு பக்கம் போதும். ஆனால் அது தமிழில் இருக்க வேண்டும். அதன் நகல் தொழிலாளியின் வீட்டில் இருக்க வேண்டும்.

கங்காணியின் துண்டு

நடுவில் ஓர் ஆள் நிற்பது நமக்குப் புதிய சங்கதி அல்ல. தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன காலத்தில் நடுவே நின்றவர் கங்காணி. அங்கே "துண்டு" என்று ஒரு சீட்டு இருந்தது. இந்தக் கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் இவர்களை விட்டுவிடுகிறோம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பார். புதுத் தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக் கொள்ளும். ஆள் தோட்டம் மாறுவான். கடனும் கூடவே மாறும். 1921-ம் ஆண்டில்தான் இந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துண்டிலே விவரத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது முழுவதும் தொழிலாளி கொடுக்க வேண்டியதைப் பற்றிய விவரம். அவனுக்கு வர வேண்டியது அதில் இல்லை. இன்றைக்கு நம் ஊரில் நீட்டப்படும் சீட்டையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். "கம்பெனி எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம்" என்பது தெளிவாக இருக்கும். சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்பது இருக்காது.

தேதிக்கு விலை உண்டு

சீட்டில் மிக முக்கியமானது தேதிதான். வேலை தொடங்கும் நாள், முடியும் நாள்.

காரணம் இது. டெண்டர் முடிந்ததும் காண்டிராக்டர் மாறுவார். தொழிலாளி மாற மாட்டார். அதே இயந்திரம், அதே ஷிப்டு, ஆனால் புதுக் கம்பெனியின் பெயர். பத்து வருஷம் உழைத்த பிறகும் கணக்கில் அவர் நேற்றுச் சேர்ந்தவராக இருப்பார். பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். 1972-ம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு 5 ஆண்டு தொடர்ந்த வேலை வேண்டும். 5 ஆண்டு முடிவதற்குள் காண்டிராக்டர் மாறிவிட்டால் என்ன செய்வது?

2025 நவம்பர் 21-ம் தேதி புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. இன்ன காலத்துக்கு என்று எழுத்து மூலம் நியமிக்கப்பட்டவர் ஓராண்டு வேலை செய்திருந்தாலே பணிக்கொடை உண்டு என்கின்றன. ஆகவே, "டெண்டர் ஒரு வருஷம்தானே, நாங்கள் எதை எழுதிக் கொடுப்பது?" என்று கேட்கிற காண்டிராக்டரிடம், "அந்த ஒரு வருஷத்தையே எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லலாம்.

மற்றவை சிறிய விஷயங்கள். என்ன வேலை, எந்த இடம், எவ்வளவு கூலி, எந்தத் தேதியில், என்ன பிடித்தம், சேமநல நிதி எண் என்ன, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி உண்டா. ஏழெட்டு வரியில் முடிந்துவிடும்.

"கேட்டால் வேலை போய்விடுமே!" என்பீர்கள். நியாயமான பயம். அதனால்தான் இதைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்கிறேன். கேட்க வேண்டியது பெரிய நிர்வாகம். காண்டிராக்டர் கூலி கொடுக்காவிட்டால் வேலை வாங்கிய நிறுவனமே கொடுக்க வேண்டும் என்று 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. புதிய சட்டமும் அதையே சொல்கிறது. பொறுப்பு தன் மேல் வரும் என்றால், "ஒவ்வொரு ஆளுக்கும் சீட்டு கொடுத்ததைக் காட்டு, பிறகு உன் பில்லைப் பாஸ் செய்கிறேன்" என்று சொல்வதற்கு என்ன தயக்கம்?

கயிற்றுத் தொழிற்சாலை வழக்கு

காகிதத்தில் எதை எழுதினாலும் செல்லுமா என்றால், செல்லாது. கோழிக்கோட்டில் ஒரு கயிற்றுத் தொழிற்சாலை. 29 தொழிலாளர்களுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "அவர்கள் காண்டிராக்டரின் ஆட்கள். எங்களுக்குச் சம்பந்தமில்லை. இதோ ஒப்பந்தம்" என்றார் முதலாளி. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1978-ல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் திரையை விலக்கிப் பார்த்தார். கச்சாப் பொருள் முதலாளியுடையது. இடம் முதலாளியுடையது. திரித்த கயிறும் முதலாளிக்கே போகிறது. அப்படியானால் தொழிலாளியும் முதலாளியுடையவர்தான் என்று தீர்ப்பாயிற்று.

நம் உருக்காலைக்குத் தாய் நிறுவனமான இந்திய உருக்கு ஆணையத்தின் பெயரிலேயே இன்னொரு வழக்கு உண்டு. அது சேலத்து வழக்கல்ல, கல்கத்தாவில் தொடங்கியது. 2001 ஆகஸ்டு 30-ம் தேதி ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளர்கள் தாமாகவே நிரந்தரம் ஆகிவிட மாட்டார்கள் என்றார்கள். பலருக்கு அது இடியாக விழுந்தது. ஆனால் ஒப்பந்தம் வெறும் வேஷம் என்று நிரூபித்தால் அவர்கள் நிறுவனத்தின் ஆட்களே என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

நிரூபிப்பது எப்படி? கூலி யார் கையிலிருந்து வருகிறது, வேலையைப் பங்கிட்டு மேற்பார்வை செய்வது யார் என்று கோர்ட்டு கேட்கும். அந்த இடத்தில், "மேற்பார்வை முழுவதும் காண்டிராக்டருடையது" என்று இருபது பக்கக் கட்டில் அச்சாகியிருக்கும் வரியும் சாட்சிக்கு வரும். லீவு வேண்டுமானால் தொழிலாளி எந்த அதிகாரியின் மேஜைக்குப் போனார் என்பதும் சாட்சிக்கு வரும்.