‘கம்ப்யூட்டர் போச்சு’ என்றால் கணக்குக் கேளுங்கள்!

 

மாடு படுத்துக்கொண்டால் நாக்கைப் பார்த்து, சாணியைப் பார்த்து மருந்து கொடுத்தவர்கள் நாம். டிராக்டர் நின்றுபோனால் டீசல் வருதா, காத்துப் பிடிச்சிருக்கா என்று பார்த்து வரப்பிலேயே கிளப்பியவர்கள் நாம். இன்றைக்கு ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோம்!

2020 ஏப்ரல் 1 முதல் லோடு வண்டிகளுக்கு பி.எஸ். 6 புகை விதி வந்தது. 2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு டிரெம் 4 விதி வந்தது. அதற்குத் தக்கபடி டீசலை எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதை ஈ.சி.எம். என்ற கம்ப்யூட்டர் பெட்டி தீர்மானிக்கிறது. சொந்தமாக அந்த வண்டி இல்லாதவருக்கும் இந்தக் கவலை உண்டு. வாடகை டிராக்டர் நின்றால் உழவு நிற்கும். லோடு வண்டி நின்றால் தக்காளி அழுகும்.

புகை குறையட்டும், அந்தக் காற்றைத்தான் நம்ம பிள்ளைகளும் சுவாசிக்குது. நம் சண்டை புகை விதியோடு அல்ல. பழுதைப் பூட்டி வைத்து, சாவியை ஒரே கையில் வைத்திருக்கும் ஏற்பாட்டோடுதான்.

நடப்பது என்ன? விளக்கு எரிகிறது. ஸ்கேனர் மாட்டுகிறார்கள். ஒரு கோடு வருகிறது. கோடை அழித்து அனுப்புகிறார்கள். நாலு நாளில் மறுபடி விளக்கு! ஒரு சென்சார் மாற்றுகிறார்கள். மறுபடி விளக்கு! கடைசியில் ஒரே வார்த்தை: ‘கம்ப்யூட்டர் போச்சுங்க, மாத்தணும்.’ நகையை அடகு வைத்துப் பெட்டியை மாற்றிய பிறகும் விளக்கு எரிந்தால் யாரைக் கேட்பது?

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். கோடு என்பது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் என்ன நோய் என்று சொல்லாது. டீசல் அழுத்தம் குறைவு என்று கோடு வந்தால் பில்டர் அடைத்திருக்கலாம், பைப்பில் காற்று புகுந்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், சென்சார் ஒயர் அறுந்திருக்கலாம். கோடை அழிப்பது வைத்தியம் அல்ல. காய்ச்சல் எழுதிய சீட்டைக் கிழிப்பதுதான்.

பெட்டியில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை இவை:

1. பேட்டரி. நல்ல 12 வோல்ட் பேட்டரி, இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவில் இருக்கும். ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வரை வரணும். கரண்ட் இறங்கினால் சம்பந்தமில்லாத கோடுகள் கூட்டமாக வரும்.

2. எர்த். பேட்டரியிலிருந்து சேசிஸுக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் ஒயரில் துரு, சேறு, தளர்ந்த போல்ட் இருக்கா? பல ‘கம்ப்யூட்டர் கோளாறு’ இந்த ஒரு போல்ட்டில்தான் இருக்கும்.

3. ஒயரும் கப்ளரும். கொட்டகையில் நிற்கும் வண்டியின் ஒயரை எலி கடிக்கும். பம்ப் வைத்துத் தண்ணீர் அடித்துக் கழுவினால் கப்ளரில் ஈரம் இறங்கும். இன்ஜின் ஓடும்போது ஒயரை மெல்ல அசைத்துப் பார்த்தால் விட்டு விட்டு வரும் கோளாறு பிடிபடும். மின்விசிறி, பெல்ட் பக்கம் மட்டும் கையை விடாதீர்கள்.

4. 5 வோல்ட். பல சென்சார்களுக்கு ஈ.சி.எம். 5 வோல்ட் கொடுக்கிறது. ஒரு சென்சார் ஷார்ட் ஆனால் அதே லைனில் உள்ள மற்றவையும் சேர்ந்து படுத்துவிடும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி எது என்று தெரியும்.

இவை அத்தனையும் சரியாக இருந்தும், பெட்டிக்குக் கரண்டும் எர்த்தும் முழுசாகப் போயும் ஸ்கேனரோடு அது பேசவில்லை என்றாலோ, பெட்டியின் நினைவகம், பிராசஸர் பற்றிய பி 0601, பி 0606 போன்ற கோடுகள் திரும்பத் திரும்ப வந்தாலோ, அப்போதுதான் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். பெட்டி உண்மையாகவே சாவதும் உண்டு. பேட்டரி ஒயரைக் கழற்றாமல் வண்டியில் வெல்டிங் வைப்பதும், பேட்டரியைப் பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டுவதும் அதைச் சாகடிக்கும். இதில் நாமும் கவனமாக இருக்கணும்.

ஆகவே சங்க உறுப்பினர்கள் இனி இப்படிச் செய்யுங்கள். வந்த கோடு எண்ணையும், செய்த சோதனையையும், அளந்த வோல்ட்டையும் ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கோடை அழிக்கும் முன் ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுங்கள். மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பிழைப்புக்காகத் தானே ஓட்டும் விவசாயியும் அந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருடத்துக்குள் போகலாம். முதலில் 1915-க்குப் போன் போட்டும் புகார் சொல்லலாம்.

ஆனால் தனி ஆளாகப் புகார் கொடுத்து மட்டும் இது தீராது. புதுப் பெட்டியை மாட்டினாலும் அதில் மென்பொருள் ஏற்றினால்தான் வண்டி கிளம்பும். அந்த மென்பொருள் யார் கையில்? நம்ம ஊர் மெக்கானிக் கையில் இல்லையே! அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023-இல் இதற்கென்றே சட்டம் போட்டது. விவசாய இயந்திரக் கம்பெனிகள் கையேடு, உதிரிப்பாகம், மென்பொருள் ஆகியவற்றை விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் தர வேண்டும் என்ற அந்தச் சட்டம் 2024 ஜனவரி 1-இல் அமலானது. நம் மத்திய அரசும் 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்குக் குழு அமைத்தது. விவசாயக் கருவிகளையும் அதில் சேர்த்தது. அதே டிசம்பரில் இணையதளமும் திறந்தது. இணையதளம் டிராக்டரைக் கிளப்புமா? சட்டம் வேண்டும்!

நம் கோரிக்கைகள்:

• கோடு விளக்கம், ஒயரிங் படம், கையேடு அனைத்தும் தமிழில், நியாய விலையில் கிடைக்க வேண்டும்!

• ஸ்கேனரும் மென்பொருளும் ஊர் மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும்!

• சோதனை அறிக்கை எழுத்தில் தராமல் ஈ.சி.எம். மாற்றக் கூடாது! மாற்றியும் அதே கோடு வந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்!

• அரசு வேளாண் பொறியியல் துறை ஒவ்வொரு வட்டாரத்திலும் ஸ்கேனர் வைத்துச் சோதித்துத் தர வேண்டும்!

தோழர்களே! வண்டிக்குத் தவணை கட்டுவது நாம். டீசல் போடுவது நாம். அதன் நோய் என்னவென்று தெரிந்துகொள்ளும் உரிமையும் நமக்கே! கிளைக் கூட்டத்துக்கு வரும்போது ஜாப் கார்டையும் பில்லையும் கையோடு கொண்டு வாருங்கள். ஒருத்தர் பில் என்றால் புலம்பல். நூறு பேர் பில் என்றால் ஆதாரம். ஆதாரத்தோடு கலெக்டர் அலுவலகம் போவோம். உரிமையைக் கேட்டு வாங்குவோம்!