சீனாவைப் பாருங்கள் என்கிறார்கள்… முழுசாகவே பார்ப்போம்!



நிலம் எடுக்க வருகிறவர்களிடம் "எங்க வயித்துல ஏன் அடிக்கிறீங்க?" என்று கேட்டால், பதில் தயாராக இருக்கிறது: "சீனாக்காரன் எப்படி முன்னேறிட்டான், பாருங்க!" சரி, பார்ப்போம். பாதியை மட்டுமல்ல, முழுசாகவே பார்ப்போம்.

1978 வரை சீன விவசாயி கம்யூன் நிலத்தில் கூட்டாகத்தான் உழைத்தான். வேலைக்குப் புள்ளி போட்டு, புள்ளிக்குப் பங்கு கொடுத்தார்கள். முதுகொடிய உழைத்தவனுக்கும் வரப்பில் உட்கார்ந்திருந்தவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த ஆண்டுக் கடைசியில், ஆன்ஹுய் மாகாணத்தில் சியாவ்காங் என்ற பஞ்சம் பிழைக்கும் கிராமத்தில், 18 குடும்பத்தார் இரகசியமாகக் கூடினார்கள். நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொண்டு கைநாட்டு வைத்தார்கள். "நம்மில் யாராவது ஜெயிலுக்குப் போனால், அவன் பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்க்கணும்" என்றும் எழுதிக்கொண்டார்கள். நிலத்துக்காக உயிரையே பணயம் வைத்தார்கள்!

1983 முடிவதற்குள் ஏறக்குறைய நாடு முழுவதும் இந்த முறை வந்துவிட்டது. 1978-ல் சுமார் 30 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல் 1984-ல் 40 கோடி டன்னைத் தாண்டியது.

இது எதனால் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர் ஜஸ்டின் யிஃபூ லின் என்ற பொருளாதாரப் பேராசிரியர். பின்னாளில் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார நிபுணராகவே இருந்தவர். 1992-ல் வெளிவந்த அவருடைய ஆய்வு என்ன சொல்கிறது? அந்த ஆறு ஆண்டில் கூடிய பயிர் விளைச்சலில் கிட்டத்தட்ட பாதிக்குக் காரணம், நிலம் விவசாயக் குடும்பத்தின் பொறுப்புக்கு வந்ததுதான். மீதியில் பெரும்பங்கு உரம் முதலான இடுபொருளுக்கு. 1979-ல் அரசு கொள்முதல் விலையை உயர்த்தியதும் கைகொடுத்தது.

ஆக, சீனா எழுந்தது விவசாயி கையில் நிலத்தைக் கொடுத்து, பிடுங்கி அல்ல!

பிடுங்கிய கதை அப்புறம் வந்தது. பிரித்துக் கொடுத்தார்களே தவிர, பட்டா கொடுக்கவில்லை. நிலம் ஊருக்குச் சொந்தம். விவசாயிக்கு ஒப்பந்தம் மட்டும்தான். முதலில் 15 வருஷம், பிறகு 30 வருஷம். நகரம் வளர்ந்தபோது உள்ளூர் அரசுகள் நிலத்தை எடுத்து, கம்பெனிகளுக்கும் வீடு கட்டுகிறவர்களுக்கும் கைமாற்றி வருமானம் பார்த்தன. விவசாயிக்கு இழப்பீடு? பழைய மூன்று வருஷ விளைச்சலின் சராசரியை வைத்து. எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 30 மடங்கு. வரப்போகும் தொழிற்சாலைக்கு ஏற்ற விலை இல்லை. தொழில் வந்தது, வேலை வந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஊர் ஊராகப் போராட்டமும் வந்தது. 2011-ல் குவாங்டோங் மாகாணத்து வூகான் கிராம மக்கள் நிலத்துக்காக அதிகாரிகளையே ஊரை விட்டு விரட்டினார்கள். கடைசியில் 2019-ல் சட்டத்தைத் திருத்தி, அந்த விளைச்சல் கணக்கைக் கைவிட்டார்கள்.

நம் நாடு எதைக் காப்பியடித்தது? சீனாவைப் பார்த்து 2000-ல் சிறப்புப் பொருளாதார மண்டலக் கொள்கையைக் கொண்டுவந்தது. 2005-ல் சட்டமும் போட்டது. 2013-ம் வருஷச் சட்டமோ, தனியார் கம்பெனிக்கு நிலம் எடுக்க 80 சதவீதம் பேர் சம்மதம் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 1997-ம் வருஷத் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டத்தில் எடுத்தால் அந்தச் சம்மதம் தேவையில்லை. இதுதான் நியாயமா?

நாம் கேட்பது மூன்றுதான்: எந்தச் சட்டத்தில் எடுத்தாலும் விவசாயியின் சம்மதம் வேண்டும். நிலத்தின் நாளைய மதிப்பில் நமக்கும் பங்கு வேண்டும். விளைபொருளுக்குக் கட்டுப்படியான விலை வேண்டும்.

நோட்டீஸ் வந்தால் தனியாகப் போய்க் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தச் சர்வே நம்பர் என்று படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். கிராம சபையில் பேசுங்கள், ஊரோடு சேர்ந்து நில்லுங்கள். சியாவ்காங்கில் 18 பேர்தான் கூடினார்கள். ஒரு நாடே மாறியது!

உழுபவன் கையில் நிலம்! ஊரின் கையில் முடிவு!