ஆட்டம் உண்டு; பாட்டு உண்டு; மொழி எங்கே?

தன் மண்ணைப் பிரிந்து நெடுந்தொலைவில் வாழும் ஓர் இனம், தன்னை இன்ன இனம் என்று எதனால் அறிந்துகொள்கின்றது? உடையாலா? உணவாலா? ஆடலாலா? அன்றி நாவில் வழங்கும் மொழியாலா? ஆத்திரேலிய நாட்டின் ஊர்ப்புறம் ஒன்றில் ஆண்டுதோறும் நடைபெறும் விழா, இவ்வினாவுக்கு விடையையும் ஓர் எச்சரிக்கையையும் ஒருங்கே தருகின்றது.

விக்டோரியா மாநிலத்தின் தென்மேற்கில், மெல்பர்ன் நகரிலிருந்து சாலைவழி 250 கி.மீ.க்கும் மேற்பட்ட தொலைவில், கொராய்ட்டு என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 2,000 பேர். ஊருக்கு அருகே, அவிந்துபோன எரிமலை ஒன்றின் வாய் ஏரியாகக் கிடக்கின்றது. அவ்வெரிமலையின் சாம்பல் படிந்த வளமண்ணில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் செழித்தன. ஆக்கள் மேய்ந்து பால் பெருகிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இம்மண்ணைத் தேடி வந்து ஏர் பூட்டியவருள் மிகப் பலர் அயர்லாந்தினர். அண்டையிலுள்ள துறைமுக ஊர் 1887 வரை, அயர்லாந்து நகரொன்றின் பெயராகிய பெல்பாசுட்டு என்பதையே தன் பெயராகக் கொண்டிருந்தது. பக்கத்துச் சிற்றூர் ஒன்று இன்றும் கில்லார்னி என்னும் அயர்லாந்து ஊர்ப்பெயராலேயே வழங்குகின்றது.

இக்கொராய்ட்டில், ஏப்பிரல் இறுதியும் மே தொடக்கமும் கூடும் காலத்தில், அந்நாட்டின் இலையுதிர் பருவத்தில், கிழமையிறுதி ஒன்றில் அயர்லாந்து விழா எடுக்கின்றனர். பெருந்தெருவில் கடைகள் நிரம்புகின்றன. சிறுமியர் கைகளை அசையாமல் நிறுத்திக் கால்களால் தாளம் கொட்டி ஆடுகின்றனர். குழலும் பிடிலும் பறையும் முழங்குகின்றன. உருளைக்கிழங்கை வைத்து நடத்தும் விளையாட்டுகளும் உண்டு. முதியோரும் இளையோரும் தோளோடு தோள் நின்று, ஐந்து ஆறு தலைமுறைகளுக்கு முன் கடல் கடந்து வந்த தம் முன்னோரை நினைக்கின்றனர்.

இது போற்றத்தக்க செயலே. வேரை மறந்தவர் விழா எடுப்பதில்லை. 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் தம் மரபு அயர்லாந்து மரபு என்று பதிந்தோர், ஆத்திரேலியா முழுமையிலும் 24 இலக்கத்துக்கும் மேற்பட்டோர், நூற்றுக்கு 9.5 பேர். இத்துணை மக்கள் இத்துணைக் காலம் கடந்தும் 'யாம் இன்னார்' என்று சொல்லிக்கொள்வது எளிய செய்தியன்று.

ஆயினும், அவ்விழாவில் ஒலிக்கும் மொழி எது? மேடையில் பேசுவது ஆங்கிலம். பாடுவது பெரும்பாலும் ஆங்கிலம். பாட்டி பெயர்த்தியை அழைப்பதும் ஆங்கிலம். இத்தகைய விழாக்களின் வரவேற்பு வளைவுகளில் 'நூறாயிரம் நல்வரவு' என்று பொருள்படும் ஐரிய மொழித் தொடர் ஒன்று எழுதப்படுவது வழக்கம். அதனைக் கண்டு மகிழ்வோர் பலர். அதற்கு மறுமொழியாக அம்மொழியில் ஒரு தொடர் சொல்ல வல்லவர் மிகச் சிலர். 24 இலக்கம் பேருள் ஐரிய மொழியை இல்லத்தில் பேசுவோர் தொகை, சில ஆயிரத்தைத் தாண்டாது.

இன்னும் ஒன்று. கொராய்ட்டு விழாவில் 'டேனி பாய்' என்னும் பாடலைச் சிறப்பாகப் பாடுவோர்க்கெனவே ஒரு போட்டி நடைபெறுகின்றது. உலகெங்கும் அயர்லாந்தினர் கண்ணீர் மல்கப் பாடும் பாடல் அது. அதன் இசை அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்த பழைய பண். சொற்களோ, பிரெடெரிக் வெதர்லி என்னும் ஆங்கிலேய வழக்கறிஞர் எழுதியவை. 1913இல் அப்பண்ணோடு பொருந்தி வெளிவந்தவை. பாடலின் இனிமைக்கு இதனால் குறைவில்லை. எழுதியவர் மீதும் பழியில்லை. ஆனால் ஓர் இனம், தன் ஏக்கத்தையும் பிறர் மொழியில், பிறர் கோத்துத் தந்த சொற்களில் பாடவேண்டிய நிலையை எய்திற்றே, அதுதான் நெஞ்சை உறுத்துகின்றது.

இந்நிலை எவ்வாறு வந்தது? ஒரே நாளில் வரவில்லை. 1831இல் ஆங்கில அரசு அயர்லாந்தில் நிறுவிய பொதுப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி. ஐரிய மொழியன்றி வேறறியாத குழந்தையும் அங்கு ஆங்கிலத்திலேயே கற்க வேண்டியதாயிற்று. குழந்தையின் கழுத்தில் ஒரு கோலைக் கட்டித் தொங்கவிடுவர். அது தாய்மொழியில் ஒரு சொல் சொன்னால் கோலில் ஒரு வெட்டு. மாலையில் வெட்டுகளை எண்ணி அடி. இக்கொடுமைக்குப் பல இடங்களில் பெற்றோரே உடன்பட்டனர் என்பதுதான் இதனினும் கொடிது. 'பிள்ளை பிழைக்க வேண்டுமே' என்பதே அவர் சொன்ன ஒரே விடை. மக்கள் தலைவராய் விளங்கிய டேனியல் ஓக்கானல், ஐரிய மொழியையே தாய்மொழியாகக் கொண்டவர். அவரும் ஆங்கிலத்தின் பயனையே பெரிதெனக் கருதி, தம் மொழி வழக்கொழிவது பற்றி வருந்தாதிருந்தார். தலைவனே கைவிட்ட மொழியைத் தாய் எங்ஙனம் காப்பாள்?

அதன்மேல் 1845இல் தொடங்கி 1852 வரை நீண்டது பெரும்பஞ்சம். உருளைக்கிழங்குப் பயிரை நோய் தின்றது. பட்டினி மக்களைத் தின்றது. ஏறத்தாழ 10 இலக்கம் பேர் மாண்டனர். 10 இலக்கத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். மாண்டவருள்ளும் பெயர்ந்தவருள்ளும் மிகப் பலர், ஐரிய மொழி தழைத்திருந்த மேற்குப் பகுதியின் ஏழையரே. 1851இல் ஐரிய மொழி பேசினோர் ஏறத்தாழ 15 இலக்கம். 1891இல் அத்தொகை 7 இலக்கத்துக்கும் கீழே இறங்கிற்று. நாற்பதே ஆண்டுகளில் பாதிக்கு மேல் அழிந்தது.

ஆத்திரேலியாவுக்கு வந்தோர் இவ்வெள்ளத்தின் ஒரு கிளையே. 1791 முதல் 1868 வரை ஏறத்தாழ 40,000 பேர் அயர்லாந்திலிருந்து நாடுகடத்தப்பட்டு அங்கு இறக்கப்பட்டனர். 1848 முதல் 1850 வரை, ஏழையர் விடுதிகளிலிருந்த தாய்தந்தையற்ற இளம்பெண்கள் 4,000க்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். இவர்கள் வீரத்தில் குறைந்தவரல்லர். 1804இல் சிட்னிக்கு அருகே காசில் இல் என்னுமிடத்தில் கிளர்ந்தெழுந்தோரும், 1854இல் யூரேக்காப் போராட்டத்திற்குத் தலைமை தாங்கிய பீட்டர் லாலரும் அயர்லாந்தினரே. வீரம் இருந்தது, மொழி நிலைக்கவில்லை.

'புதுமண்ணில் ஏழையர் வேறென்ன செய்ய இயலும்?' என்று கேட்போர் உண்டு. அவ்வேழையர் செய்துகாட்டிய ஒரு செயலே அதற்கு மறுமொழி. 1872இல் விக்டோரியா அரசு இயற்றிய கல்விச் சட்டத்தையடுத்து, சமயப் பள்ளிகளுக்கு அரசுப் பொருளுதவி நின்றது. அப்போது அயர்லாந்துக் கத்தோலிக்கர் சோர்ந்துவிடவில்லை. உழவரும் கூலியாளரும் தம் சிறு காசுகளைத் திரட்டித் தாமே பள்ளிகளை எழுப்பினர். அயர்லாந்திலிருந்து துறவியரை வருவித்துப் பாடம் கற்பித்தனர். நூறாண்டுக்கு அணித்தாக அரசின் துணையின்றி அப்பள்ளிகள் நின்றன. தம் சமயத்தைக் காக்க மலையையும் பெயர்த்த மக்கள் அவர்கள். ஆனால் அப்பள்ளிகளில் பயிற்றுமொழி ஆங்கிலம். வழிபாட்டு உரையும் ஆங்கிலம். கைப்பொருளும் இருந்தது, கட்டடமும் இருந்தது, ஊக்கமும் இருந்தது. மொழியும் காக்கத்தக்கதே என்னும் எண்ணம் ஒன்று மட்டுமே இல்லை. அவ்வொன்று இல்லாமையால், இரண்டு தலைமுறைக்குள் தாயின் நாவிலிருந்த மொழி பெயர்த்தியின் செவிக்கும் எட்டாதாயிற்று.

இங்கு மறைக்கலாகாத மற்றோர் உண்மையும் உண்டு. கொராய்ட்டு என்னும் பெயர் அயர்லாந்தினர் இட்டதன்று, ஆங்கிலேயர் இட்டதுமன்று. அம்மண்ணின் முதற்குடிகளாகிய கன்டிச்மாரா மக்களின் குலமொன்றன் பெயரிலிருந்து பிறந்தது அது. ஆங்கிலேயர் 1788இல் குடியேறிய காலத்தில், ஆத்திரேலியாவில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. அவற்றுட் பெரும்பாலானவை இன்று பேசுவாரின்றி ஓய்ந்துவிட்டன. மொழி பறிக்கப்பட்டுக் கடல் கடந்த ஓர் இனம், மண்ணும் மொழியும் பறிக்கப்பட்ட வேறோர் இனத்தின் நிலத்திற் குடியேறிற்று. இன்று அவ்வூரில் ஒரு மொழி ஊர்ப்பெயராகவும், மற்றொரு மொழி வரவேற்புத் தொடராகவும் எஞ்சி நிற்க, இரண்டையும் விழுங்கிய ஆங்கிலம் நடுத்தெருவில் நடக்கின்றது.

அயர்லாந்து பின்னர் விழித்தது. 1893இல் டக்ளசு ஐடு முதலியோர் கேலிக்குக் கழகம் நிறுவி மொழி மீட்புக்கு வித்திட்டனர். அவரே 1938இல் அந்நாட்டின் முதற் குடியரசுத் தலைவரானார். ஆங்கிலக் கல்விமுறையைக் கொலை எந்திரம் என்று பெயரிட்டுச் சாடிய ஆசிரியர் பேட்ரிக் பியர்சு, 1916ஆம் ஆண்டு விடுதலைக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி மே 3இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1937இல் அரசியலமைப்பு ஐரிய மொழியை நாட்டு மொழி என்றும் முதல் ஆட்சிமொழி என்றும் அறிவித்தது. 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. 2022இல் அங்கு முழுநிலை எய்திற்று. இத்தனைக்குப் பின்னும் 2022ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு சொல்வது யாது? அயர்லாந்துக் குடியரசில் ஐரிய மொழி தெரியும் என்றோர் ஏறத்தாழ 18.7 இலக்கம், பள்ளிக்கு வெளியே அதனை நாள்தோறும் பேசுவோர் 71,968 பேர் மட்டுமே. விடுதலை பெற்ற அரசும் சட்டமும் பள்ளியும் கூடி, நூறாண்டு உழைத்தும், அடுப்பங்கரையில் இழந்ததை அரியணையில் மீட்க இயலவில்லை.

இச்செய்தி தமிழர்க்கு அயலதன்று. தமிழ் தன் காலில் நிற்கவல்ல தனிமொழி என்று 1856இல் தம் ஒப்பிலக்கணத்தால் உலகறியச் செய்த கால்டுவெல், அயர்லாந்தின் ஆண்ட்ரிம் மாவட்டத்தில், சுகாட்லாந்துப் பெற்றோர்க்குப் பிறந்தவர். பியர்சு தம் உயிரை ஈந்த அதே 1916ஆம் ஆண்டிற்றான் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். அதே ஆத்திரேலிய மண்ணில் இன்று தமிழ்க் குடும்பங்களும் வேரூன்றியுள்ளன. 2021இல் இல்லத்தில் தமிழ் பேசுவதாகப் பதிந்தோர் 95,000க்கும் மேற்பட்டோர். ஈழத்தில் 1983இல் மூண்ட கொடுமைக்குப்பின் உயிர் பிழைத்துச் சென்றோரும் அவருள் அடங்குவர். கிழமையிறுதிகளில் தமிழ்ப் பள்ளிகள் நடைபெறுகின்றன. மாநில உயர்நிலைத் தேர்விலும் தமிழைப் பாடமாக எழுதலாம். பொங்கலும் கொண்டாடுகின்றனர், பரதமும் பயிற்றுகின்றனர். இவையெல்லாம் நன்றே. ஆயின் ஆடல் முடிந்து மேடையினின்று இறங்கும் சிறுமி, தாயிடம் எம்மொழியிற் பேசுகின்றாள் என்பதே உரைகல். அவள் ஆங்கிலத்திற் பேசினால், கொராய்ட்டுத் தெருவின் முதற்படியில் அக்குடும்பம் கால் வைத்துவிட்டது என்பதே பொருள்.

கடல் கடந்தோரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தமிழகத்திலேயே, பிள்ளை வகுப்பில் தமிழ் பேசினால் ஒறுக்கும் பள்ளிகளுக்குப் பெற்றோர் பொருள் கொட்டிக் கொடுக்கின்றனர். கோல் இன்று கழுத்தில் தொங்கவில்லை. வெட்டுகள் மட்டும் விழுந்துகொண்டே இருக்கின்றன. அன்று அயர்லாந்துத் தந்தை சொன்ன அதே சொல்லைத்தான் இன்று தமிழ்த் தந்தையும் சொல்கின்றான்: 'பிள்ளை பிழைக்க வேண்டுமே!'

அயர்லாந்து அரசின் இலச்சினையில் யாழ் பொறிக்கப்பட்டுள்ளது. யாழைத் தமிழரும் அறிவர். அதனை இழந்தும் அறிவர். வழக்கொழிந்த யாழின் இயலை மீட்டறிய, விபுலானந்த அடிகள் ஆண்டுக் கணக்கில் ஆராய்ந்து 1947இல் யாழ் நூல் தரவேண்டியதாயிற்று. கருவியை நூலைக் கொண்டு மீட்டும் செய்துகொள்ளலாம். வீட்டில் ஓய்ந்த மொழியை விழாவால் மீட்க இயலாது. விழா ஆண்டில் இரண்டு நாள். மொழிக்கு வேண்டுவன எஞ்சிய 363 நாள்களும். அந்நாள்களில் தமிழர் இல்லந்தோறும் தமிழே ஒலிக்கட்டும்!